முப்பது வருஷத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

இங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் நூலகத்தில் தமிழில் கோண்டோ விளைவு பற்றி, அதாவது காந்தத்தன்மையுள்ள இம்ப்யூரிட்டி கலந்த உலோகத்தின் மின்தடை கடுங்குளிரில் மறுபடி ஏறுவது பற்றி, இருபது நிமிடம் பேசுகிறேன். இம்ப்யூரிட்டி என்பதை ‘மாசு’ என்று சொல்லலாமா? கோண்டோ விளைவுக்குத் தமிழ்ப்பெயர் உண்டா? நேரம் போதாது என்பதால் கோண்டோ விளக்கம் தந்த 1964க்கு முந்தைய பழைய கதையை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

கோண்டோ ஒரு மனிதரின் பெயர், அப்படியே இருக்கட்டும். மாசு என்பதும் புழங்குகிற சொல்தான், தயங்காமல் சொல்லுங்கள். தமிழில் பேச முன்வந்தீர்களே, அதற்கே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கடைசி வரியை எப்படியம்மா எழுத மனம் வந்தது? பழைய கதையாம்! அதை எடுத்துவிட்டால் உங்கள் பேச்சில் ஒரு சமன்பாடுதான் மிஞ்சும்.

1934இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டி ஹாஸ், டி போயர், வான் டென் பெர்க் மூவரும் தங்கக் கம்பியைக் கடுங்குளிரில் வைத்து மின்தடையை அளந்தார்கள். குளிரக் குளிர அணுக்களின் அதிர்வு அடங்கும், தடை இறங்கும், கடைசியில் ஓர் அளவில் நின்றுவிடும். எதிர்பார்த்தது அதுதான். இறங்கிய தடையோ சில கெல்வின் வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அருகே, வந்ததும் மறுபடி ஏறத் தொடங்கியது. மிகச் சின்ன ஏற்றம். கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒதுக்காமல் அச்சிட்டார்கள். காரணம் தெரிய முப்பது வருஷம் ஆனது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன். 1981இல் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் இருந்தேன். ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு மீட்டர் செம்புக் கம்பி வெட்டி, தடையை அளந்து, 20 டிகிரிக்குத் திருத்தி, 1913இல் வகுத்த செம்புத் தரத்தோடு ஒப்பிட்டுக் கடத்துதிறனைச் சதவீதமாக எழுத வேண்டும். ஓர் இரவு ஒரு சுருள் 96 காட்டியது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மூன்று தடவை அளந்தேன். அதே 96. சூப்பர்வைசர் வந்தார். “மெஷின் ஸ்பாய்ல் லா, நூறு போடு” என்று என் ரப்பரை எடுத்து அவரே அழித்தார். அந்த இடத்தில் தாள் நார் நாராகக் கிளம்பியிருந்தது. அதன்மேல் 100 என்று எழுதியது நான்தான். எனக்கு இருபத்திரண்டு வயது.

சுருள் திரும்பி வந்தது. உருக்கில் இரும்பு கலந்திருந்தது. பத்தாயிரம் செம்பு அணுவுக்கு ஓர் இரும்பு அணு கரைந்தாலே கடத்துதிறன் ஐந்து சதவீதம் போல விழும். அதே அளவு துத்தநாகம் என்றால் என் கருவிக்குத் தெரிந்தே இருக்காது. துத்தநாகத்தின் டி கூடு (அணுவில் எலெக்ட்ரான்கள் தங்கும் ஓர் அடுக்கு) நிரம்பியது, இரும்பினுடையது நிரம்பாதது. செம்புக்குள்ளும் இரும்பணு குட்டிக் காந்தமாகவே நிற்கிறது. மோதுகிற எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் (ஸ்பின்) அதன் தற்சுழற்சியும் சேர்ந்து புரளலாம். ஜுன் கோண்டோ 1964இல் இந்தப் புரளலைக் கணக்கில் சேர்த்தபோது, தடைக்கான சமன்பாட்டில் குளிரக் குளிர மடக்கை (லாகரிதம்) வேகத்தில் வளரும் ஒரு பகுதி கிடைத்தது. லைடன்காரர்களின் ஏற்றம் அதுதான். அவர்களுடைய தங்கத்திலும் துளி இரும்பு இருந்திருக்கிறது.

அதே 1964இல் இயற்பியலாளர் மிரியம் சராசிக்கும் கூட்டாளிகளும் நையோபியம்–மாலிப்டினம் கலவைகளில் இரும்பைச் சேர்த்து அளந்தார்கள். இரும்பு காந்தமாக நின்ற கலவைகளில் மட்டும் தடை ஏறியது, காந்தத்தன்மை இழந்த கலவைகளில் ஏறவில்லை. இந்தப் பெண்மணியின் பெயரை விட்டீர்களென்றால் அதற்குத் தனியாகத் திட்டுவேன்.

இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1975இல் இந்தக் கணக்கை முழுதாகத் தீர்த்தது, பிறகு நோபல் வாங்கியது எல்லாம் இரண்டு வரி போதும். முதல் ஐந்து நிமிடம் லைடனுக்குக் கொடுங்கள். அந்த வரைபடத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, வளைவு மேலே திரும்புகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். எந்த நூலகம், எத்தனை மணி என்று எழுதுங்கள். நான் வருகிறேன்.