உடலியங்கியல் பேராசிரியர் கல்வி ஆராய்ச்சிக்குப் போகலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. எம்.பி.பி.எஸ். முடித்து, உடலியங்கியலில் எம்.டி.யும் பெற்று, தனியார் மருத்துவக் கல்லூரியொன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கும் மகள் மருத்துவக் கல்வி ஆராய்ச்சியில், அதாவது மருத்துவ மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராயும் துறையில், இறங்கப் போவதாகச் சொல்வதால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கும் கலக்கம் புரிகிறது. “டாக்டருக்குப் படித்துவிட்டுக் கடைசியில் என்னுடைய பி.எட்.டுக்கே வந்து நிற்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் பள்ளி வகுப்பறையில் நின்ற தாங்கள் இப்படி எழுதியதைப் படித்துச் சற்றே சிரித்தேன். அதில் உள்ள வருத்தத்தையும் கவனித்தேன்.

முதலில் வேலையைப் பற்றிய அச்சம். தங்கள் மகள் எதையும் விட்டுவிட்டு வரப் போவதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவு என்பது பல துறைகளின் ஆசிரியர்கள் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் பிரிவுதான். அவருடைய பதவியும் சம்பளமும் உடலியங்கியல் துறையிலேயே இருக்கும். அதே காரணத்தால், இந்த ஆராய்ச்சியால் மட்டும் சம்பளம் கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பதவி உயர்வுக்கு வெளியிட்ட கட்டுரைகளோடு இரண்டு பயிற்சிகளையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் கேட்கின்றன: ஒன்று மருத்துவக் கல்வியில் அடிப்படைப் பயிற்சி, மற்றொன்று சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி. ஆகவே தாங்கள் அஞ்சும் பாதையின் முதல் இரண்டு படிகளில் அவர் எப்படியும் ஏறத்தான் வேண்டும்.

இந்தத் துறைக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். 2019ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலானதாக மாறியது. முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்க வைப்பது, ஒவ்வொரு திறனையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுவது, மருத்துவ நெறியையும் நோயாளியிடம் பேசும் முறையையும் தனிப் பாடமாக வைப்பது என்று பலவும் வந்தன. இவற்றால் மாணவர் உண்மையில் தேறுகிறாரா, பதிவேட்டின் பக்கங்கள்தான் நிரம்புகின்றனவா என்பதைச் சொல்ல, அந்தந்தக் கல்லூரியிலேயே இருந்து முறையாக விசாரிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். அத்தகையோர் குறைவு என்பது என் கணிப்பு.

ஏன் குறைவு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். தங்கள் மகள் இரத்த அழுத்தம் அளக்கும் செய்முறையைக் காணொளி காட்டிக் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு முன் இருபது கேள்வி, வகுப்புக்குப் பின் அதே இருபது கேள்வி. சராசரி மதிப்பெண் உயர்ந்திருக்கும். பயனுள்ளதாக இருந்ததா என்று ஒரு படிவம் கொடுத்தால், அடுத்த மாதம் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடப் போகிற ஆசிரியரிடம் எந்த மாணவர் இல்லை என்பார்? இந்த வடிவில் வரும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. எதைச் சொல்லிக் கொடுத்தாலும் வகுப்பு முடிந்த கையோடு கேட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அது தாங்கள் அறியாததல்ல.

இப்போது அதே செய்முறையை வேறு விதமாகப் பாருங்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன், மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே மேற்கையில் சுற்றிய பட்டையில் காற்றேற்றி, நாடி மறையும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், சிலருக்கு ஒலி இடையில் நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியில் ஏமாந்து அழுத்தத்தைக் குறைவாகப் பதிந்துவிட நேரும். வாய்மொழித் தேர்வில் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால் ஒப்பிக்கும் மாணவரே, தேர்வு மேசைக்கு வந்ததும் நாடியைத் தொடாமல் நேராக ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதுண்டு. தெரிந்ததை அவர் ஏன் செய்யவில்லை? ஆறு வாரம் கழித்துச் சோதித்தால் எத்தனை பேர் செய்கிறார்கள்? ஒரே மாணவரைப் பார்க்கும் இரு தேர்வாளர்கள் ஒரே மதிப்பெண்தான் தருகிறார்களா? வார்டில் மூத்தவர்கள் அந்தப் படியைத் தாண்டிப் போவதைப் பார்த்துத்தான் இளையவர்களும் தாண்டுகிறார்களா? ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. இக்கேள்விகளில் இரண்டுக்கு எண்ணால் விடை காணலாம். மற்ற இரண்டுக்கு மாணவர்களைப் பேச விட்டுக் கேட்க வேண்டும்.

மருத்துவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில். ஆய்வக எண்ணிலும் புள்ளியியல் சோதனையிலும் பழகியவர்களுக்கு, பதினைந்து பேரின் நேர்காணலை வரிக்கு வரி படித்துப் பொருள் காண்பது ஆராய்ச்சியாகவே தோன்றுவதில்லை. எம்.டி. ஆய்வேடு எழுதியவருக்கு இது கூடுதலாகக் கற்கும் பாடமன்று. பழகிய கையை மாற்றிப் பழகும் வேலை. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், மருத்துவப் பேராசிரியர்களையும் கல்வியியல் அறிஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். இத்துறைக்கு அடித்தளமிட்ட முயற்சிகளுள் அது ஒன்று. எனவே தங்கள் மகளுக்கு நான் தரும் முதல் அறிவுரை, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையிலோ உளவியல் துறையிலோ ஒரு துணை தேடிக்கொள்ள வேண்டும் என்பதே. தாங்கள் குறைத்துச் சொன்ன அந்த பி.எட். உலகத்தவர்களிடம்தான் அவர் போய்க் கற்க வேண்டியிருக்கிறது, ஐயா.

இனிப் பயிற்சிகள். மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பித்தலைக் கற்பிப்பது நம் பக்கத்தில் புதிதன்று. புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்று ஒரு தேசிய மையம் 1970களிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கிவிட்டது. இன்றைய அடிப்படைப் பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடும்; நன்றாகக் கற்பிக்க அது உதவும், ஆராய்ச்சியாளரை உருவாக்காது. அடுத்த நிலையான உயர்நிலைப் பயிற்சி, வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற மையங்களில் பல மாதங்கள் நீள்கிறது. சொந்தக் கல்லூரியில் ஒரு கல்விச் செயல்திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் நடந்துவரும் ஃபைமர் (மருத்துவக் கல்விக்கான அமெரிக்க அமைப்பு ஒன்றின் பெயர்ச்சுருக்கம்) ஆய்வூக்கப் பயிற்சி இரண்டாண்டுக்கானது. நேரடி அமர்வுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் வழிகாட்டியும் சக பயிற்சியாளர்களும் இணையவழியில் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கல்லூரியின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் அதில் சேர முடியாது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுகலைப் பட்டமும் உண்டு. ஆனால் கையில் ஒரு கேள்வி இல்லாமல் அந்தச் செலவில் இறங்க வேண்டாம். ஃபைமர் அல்லது உயர்நிலைப் பயிற்சியில் ஒரு செயல்திட்டத்தை முடித்து, அது கட்டுரையாக வந்த பிறகு யோசிக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் ஆசிரியர், இரண்டு ஆண்டுகள் தம் மாணவர்களிடம் விவரம் திரட்டிவிட்டு, கட்டுரை எழுதும் நேரத்தில்தான், ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போனார். முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தர இயலாது என்று குழு சொல்லிவிட்டது. அத்தனை உழைப்பும் அலமாரிக்குப் போயிற்று. “நான் பாடம்தானே நடத்தினேன், மருந்தா கொடுத்தேன்” என்று அவர் அப்போதும் கேட்டார். மாணவர்களைப் போல அதிகார அடுக்கில் கீழே இருப்போர் மறுப்புச் சொல்ல முடியாதவர்கள் என்பதால், அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. தங்கள் மகள் முதலில் குழுவின் ஒப்புதலைப் பெறட்டும். மாணவர் சம்மதத்தையும் தாமே கேட்காமல், மதிப்பெண் போடாத வேறொருவரைக் கொண்டு கேட்கட்டும்.

துறைத் தலைவரின் மனநிலையைப் பற்றித் தாங்கள் எதுவும் எழுதவில்லை. சான்றிதழ் எத்தனை இருந்தாலும், செய்முறை வகுப்பின் நேரத்தை மாற்றவும் வாரத்தில் ஓர் அரைநாளை ஒதுக்கவும் அவர் இசையாவிட்டால் ஆய்வு ஓர் அங்குலம் நகராது. அதை மகளிடம் கேட்டறியுங்கள். அத்துடன், தம் வகுப்பறையில் தம்மை உறுத்தும் ஒரே ஒரு கேள்வியை ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, முதலில் தங்களிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியராகத் தங்களுக்கு அந்தப் பக்கம் விளங்கினால் எனக்கு அனுப்பி வைக்கலாம். சான்றிதழ் நகல்கள் இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர்