லூஜ் இரட்டையர்: கீழே படுத்திருப்பவரும் ஓட்டுகிறார்

லூஜ் என்பது சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துப் பனிப்பாதையில் இறங்கும் போட்டி; இரட்டையரில் ஒருவர்மேல் ஒருவர் படுப்பார்கள். கீழே இருப்பவரும் ஓட்டுகிறாரா என்று கேட்டிருந்தீர்கள். ஓம், கீழே இருக்கும் பிள்ளையும் வண்டியைத் திருப்புகிறாள். கல்லடியில் இதைப் பற்றிய உங்கள் மகளின் பேச்சைக் கேட்ட ஆசிரியை "கீழே இருப்பவர் வெறும் பாரம்தானே" என்றது சரியில்லை. கீழே இருப்பவரைப் பற்றிய பந்தியைப் பேச்சிலிருந்து வெட்ட வேண்டாம்.

மேலே இருப்பவர் முன்பக்கம் வளைந்த சறுக்குக் கட்டைகளைக் காலால் அழுத்துவார். கீழே இருப்பவர் தோளால் இருக்கையை அழுத்துவார். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி வளைவில் ஒழுங்காகத் திரும்பும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் விறைத்துக்கொண்டால் திருப்பம் கெடுகிறதே, அப்படித்தான். அதுவும் கீழே இருப்பவருக்குப் பாதை சரியாகத் தெரியாது. வளைவுகளை மனப்பாடம் செய்து உடம்பால் உணர்ந்தே ஓட்டுகிறாள். எனக்கு அவள்மேல்தான் கூடுதல் மதிப்பு!

ஆசிரியை பார்த்த காணொளி முன்பக்கமிருந்து எடுத்ததாக இருக்கும். அதில் கீழே இருப்பவர் மறைந்துவிடுவார்.

காணொளியில் புறப்படும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு அவருக்குக் காட்டுங்கள். முன்னால் இருப்பவர் (பிறகு மேலே படுப்பவர்) கைப்பிடிகளைப் பிடிப்பார், பின்னால் இருப்பவர் (பிறகு கீழே படுப்பவர்) பட்டிகளைப் பிடிப்பார். இருவரும் ஒன்றாக முன்னும் பின்னும் ஆடித்தான் பாய்வார்கள்.

அப்புறம், ஆண்டில் கவனம். 2012 இன்ஸ்புரூக் இளையோர் ஒலிம்பிக்கில் பெண்களுக்கெனத் தனி இரட்டையர் போட்டி இல்லை. அது 2020 லொசானில்தான் வந்தது. ஓட்டம் நடந்தது சென் மொரிட்ஸின் இயற்கைப் பனிப்பாதையில். பெரியவர்களின் ஒலிம்பிக்கில் 2026 மிலான்-கோர்த்தினாவுக்குத்தான் சேர்த்தார்கள். இரண்டையும் மகள் கலந்து எழுதிவிடாமல் பாருங்கள்.