திராட்சை விதை மாத்திரை: மருந்தாளர் அக்காவின் பதில்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருந்தாளராக இருக்கும் நம் உறுப்பினர், திராட்சை விதைச் சாற்று மாத்திரை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: அக்கா, இரத்தக் கொதிப்பு மருந்தை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா? விற்பவர் அப்படித்தான் சொல்கிறார்.

கூடவே கூடாது, தம்பி. விதையில் இருக்கும் புரோஆந்தோசயனிடின் என்ற பொருள் இரத்த அழுத்தத்தைச் சற்றே குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. அந்தச் 'சற்றே'யை நம்பி, அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி வாங்கும் மருந்தைத் தூக்கிப் போடுவதா? விற்பவரா நாளை உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்?

பட்டர்வொர்த் வாசகி: இதய வால்வு மாற்றியதிலிருந்து அப்பா இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறார். அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மாத்திரையில் பெரிய டப்பாவாக அனுப்பியிருக்கிறார்.

டப்பாவைத் திறக்க வேண்டாம், அம்மா. இந்தச் சாறு இரத்தம் உறைவதை மெதுவாக்கக்கூடும். வார்ஃபரினோ அளவு பிசகினால் ஆபத்தான மருந்து. அதற்காகத்தானே அப்பாவுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்கிறார்கள். இந்தச் சாற்று மாத்திரையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதை மட்டும் உடனே நிறுத்தி, கிளினிக்கில் மறைக்காமல் சொல்லி இரத்தம் பரிசோதியுங்கள். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், இடிக்காமலே நீலக் கன்றல், கறுப்பாக மலம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுவோரும் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சாற்று மாத்திரையைத் தொடக் கூடாது. அறுவை சிகிச்சை இருந்தால் இந்தச் சாற்று மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இயற்கைப் பொருள்தானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம்.

பிறை வாசகி: இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கலாமா?

வேண்டாம். உடம்பில் இரும்பு சேர்வதை இது குறைக்கும். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாம் குடிக்கும் பால் தேநீரான தே தாரேக்கும் இதே விதிதான்!

ஜெலுத்தோங் வாசகர்: திராட்சை விதை எண்ணெயில் சமைத்தால் போதாதா?

எண்ணெய் வேறு, சாறு வேறு. எண்ணெயில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு. சாற்றில் இருக்கும் புரோஆந்தோசயனிடின் அதில் அநேகமாக இல்லை.

பாயான் லெப்பாஸ் வாசகி: முகம் வெளுக்குமாமே?

உங்கள் நிறத்துக்கு என்ன குறை?

ஆயர் ஈத்தாம் வாசகர், மீண்டும்: சரி அக்கா, மருந்தோடு சேர்த்தாவது சாப்பிட ஆசை. எதை வாங்குவது?

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் மினுங்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 100 முதல் 300 மில்லிகிராம் வரைதான் கொடுத்தார்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.