கல்லுக்குள் இருப்பது மாணிக்கமா?

கேள்வி: அஸ்திவாரத்துக்கு இறக்கிய லோடில் ஒரு கல் முழுக்கக் கருஞ்சிவப்பு மணிகள், கொண்டைக்கடலை அளவில். மாணிக்கம் என்கிறார் மேஸ்திரி. உளி வைத்துத் தட்டினால் மணி முழுசாக வராமல் நொறுங்குகிறது. நகைக்கடையில் காட்டலாமா?
— வாசகி, பர்கூர்

பதில்: முதலில் உளியைக் கீழே வையுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கார்னெட் என்ற சிவப்புத் தாதுவாகத்தான் இருக்கும், மாணிக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. கண்ணாடியில் கீறிப் பார்க்கச் சொல்வார்கள், அதில் பயனில்லை, இரண்டுமே கீறும். நொறுங்கிய துணுக்கு ஒன்றைச் சின்ன தெர்மாகோல் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கும் வலுவான காந்தத்தைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரும்புச்சத்து உள்ள கார்னெட் என்றால் தெர்மாகோல் மெல்லக் காந்தத்தின் பக்கம் நகரும், மாணிக்கம் அசையாது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் இதற்குப் போதாது.

உடையாத மணி ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள், சாய்சதுர முகங்கள் தெரியலாம், நன்றாக வளர்ந்த முழு மணியில் பெரும்பாலும் அப்படிப் பன்னிரண்டு. பட்டை தீட்டியது யாருமில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுகள் பழையவை. பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், பாறை உருகி ஓடாமல் கெட்டியாக இருக்கும்போதே அதற்குள் கார்னெட் வளர்கிறது, அதுவும் சுற்றியிருக்கும் கறுப்புத் தாதுக்களிலிருந்து இரும்பையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு. சில கற்களில் சிவப்பு மணியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும், அது இப்படி இழுத்துக்கொண்டதின் அடையாளம். உங்கள் கல்லில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எனக்குப் பொறாமைதான்.

நகைக்கடைக்கு அலைய வேண்டாம். இந்த மாதிரிப் பாறைகளில் இருக்கும் கார்னெட்டில் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடியிருக்கும், அதனால்தான் தட்டியதும் பொடியாகிறது, ஒளியும் ஊடுருவாது. தனியே எடுத்தால் காசுக்கு ஆகாத துணுக்கு, கல்லோடு இருந்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. அந்தக் கல்லை மட்டும் அஸ்திவாரத்தில் போட்டு மூடிவிடாதீர்கள். பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்து ஒரு பக்கத்தை மட்டும் அறுத்து மெருகேற்றி, மறுபக்கத்தை அப்படியே விட்டு வாசலில் வையுங்கள். அப்புறம், இன்னும் கிடைக்குமா என்று குவாரிக்குள் இறங்கிவிடாதீர்கள், அனுமதியும் கிடையாது, ஆபத்தும் கூட.

கேள்வி: மழை ஓய்ந்ததும் எங்கள் ஓடை மணலில் சிவப்பாகக் கோடு கோடாகப் படிகிறதே, ஏன்?
— வாசகர், பாலக்கோடு

பதில்: அதுவும் கார்னெட் பொடியாக இருக்கலாம். சாதாரண மணல் தண்ணீரைப் போல சுமார் 2.65 மடங்கு கனம், கார்னெட் கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதனால் வெள்ளம் வேகம் குறையும் இடத்தில் அது முதலில் தங்கிவிடும். தென்கோடிக் கடற்கரைகளில் சிவப்பு மணல் சேர்வதும் இதே கதைதான். உப்புத்தாள் செய்யவும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்புத்தகடு அறுக்கும் மெஷினுக்கும் அந்த மணல் போகிறது.