பேஸ்பாலில் 'யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்' என்பவர் யார்? அவரால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியுமா?

இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் (பேஸ் என்பது ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய முனை), அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஷார்ட்ஸ்டாப் என எங்கே ஆள் குறைந்தாலும் போய் நிற்பவர்தான் அவர். சிக்கனமான அணிக்கு இவரைப் போல லாபம் வேறில்லை.

தாக்குப்பிடிப்பதற்கு, இப்படி ஆடிய அமெரிக்க ஆட்டக்காரர் கிரெய்க் கவுன்செல்லைப் பாருங்கள். மட்டையைத் தலைக்கு மேலே கொடிக்கம்பம் போலத் தூக்கிப் பிடிப்பார், பார்க்கவே வேடிக்கை. 1997 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில், 11ஆவது இன்னிங்சில் புளோரிடா மார்லின்ஸின் வெற்றி ரன் இவர் ஓடியது. 2001 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், அரிசோனாவுக்காகக் கடைசி இன்னிங்சில் எதிரணிப் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேராவின் பந்தை உடம்பில் வாங்கிக்கொண்டு முதல் பேஸுக்குப் போனார். அடுத்து வந்த லூயிஸ் கொன்சாலஸ் அடித்ததும் கோப்பை! 2011இல் மட்டும் நிலைமை பரிதாபம்: தொடர்ந்து 45 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) இல்லை. அந்த ஆண்டோடு ஓய்வு. அப்புறம் 2015இல் மில்வாக்கி அணியின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர் போன்றவர்) ஆனார். 2023இல் சிகாகோ கப்ஸ் அணி 5 ஆண்டுக்கு 4 கோடி டாலர் தந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனது.