டைம்டு அவுட்னு வந்தா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல

கேள்வி: அண்ணா வணக்கம். எங்களுக்கு புதுப்பேட்டைல ஸ்பேர் பார்ட்ஸ் கடை, குடோன் அம்பத்தூர் எஸ்டேட்ல. ஸ்டாக் சர்வர் குடோன்ல இருக்கு, கடைல ரெண்டு கவுண்டர். சி-ல ஆர்பிசிஜென் (வேற மெஷின்ல இருக்கற ஃபங்ஷன நெட்வொர்க் வழியா கூப்பிடற ஆர்பிசிக்கு கோட் உருவாக்கி தர்ற டூல்) வெச்சு கிளையண்ட், சர்வர் ரெண்டும் எழுதிட்டேன், யூடிபி (பாக்கெட் போய் சேந்துச்சான்னு பாக்காத வழி) தான் போட்டிருக்கேன். ஒரே லேப்டாப்ல ரெண்டையும் ஓட்டினா நல்லா ஓடுது. கடைலேர்ந்து கூப்பிட்டா கனெக்ட் ஆகல, 111 போர்ட்ட திறந்தும் ஆகல, ஃபயர்வால மொத்தமா ஆஃப் பண்ணதும் ஆயிடுச்சு. இப்ப சில பில்லுக்கு ஸ்டாக் ரெண்டு தடவ குறையுது, சில பில்லுக்கு டைம்டு அவுட்னு வருது ஆனா ஸ்டாக் குறைஞ்சிருக்கு. கூகுளோட ஜிஆர்பிசிக்கு மாறினா சரியாயிடுமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த ஃபயர்வால திரும்ப ஆன் பண்ணிடு, மீதிய அப்புறம் படி. நீ எழுதியிருக்கறதுல எதுவும் என்கிரிப்ட் ஆகாது, நான் இன்னார்னு கிளையண்ட் சொன்னா சர்வர் அத அப்படியே நம்பிடும், அத போய் இன்டர்நெட் பாக்க திறந்து வெச்சா யாரு வேணா உன் ஸ்டாக்க குறைக்கலாம். கடைக்கும் குடோனுக்கும் நடுவுல ஒரு வயர்கார்ட் விபிஎன் (வெளியாள் பாக்க முடியாத தனி வழி) போட்டு, ஆர்பிசி எல்லாம் அதுக்குள்ளயே போற மாதிரி வை. இதுக்கு பைசா செலவு இல்ல.

111 திறந்தும் ஏன் ஆகலன்னா, அங்க உக்காந்திருக்கறது உன் சர்வரே இல்ல, போர்ட்மேப்பர். உன் சர்வர் எழுந்திருக்கும்போது காலியா இருக்கற ஏதோ ஒரு போர்ட்ட ஓஎஸ் கொடுக்கும், சர்வர் அத போர்ட்மேப்பர் கிட்ட பதிஞ்சு வெக்கும், இந்த புரோகிராம் நம்பர் இந்த வெர்ஷன் இந்த போர்ட்ல இருக்குன்னு. கிளையண்ட் முதல்ல 111ல கேட்டுட்டு அப்புறம் அந்த போர்ட்டுக்கு போகும், அங்க தான் உன் ஃபயர்வால் மறிச்சிருக்கு, அதுவும் சர்வர ரீஸ்டார்ட் பண்ணா போர்ட் மாறலாம், அதனால இன்னிக்கு ஒண்ண திறந்தா நாளைக்கு வேலைக்கு ஆகாது. ஆர்பிசிஇன்ஃபோ மைனஸ் பி போட்டு சர்வர் ஐபிய கொடுத்து பாரு, மொத்த டேபிளும் வரும். தீர்வு என்னன்னா ஆர்பிசிஜென்ன மைனஸ் எம் போட்டு ஓட்டு, மெயின் ஃபங்ஷன் இல்லாம சர்வர் ஸ்டப் (வர்ற கால உன் ஃபங்ஷனுக்கு கொண்டு சேக்கற கோட்) மட்டும் வரும், மெயின நீயே எழுதி உனக்கு பிடிச்ச ஒரு போர்ட்ல சாக்கெட்ட பைண்ட் பண்ணி அத டிரான்ஸ்போர்ட்டுக்கு கொடு. கிளையண்ட்லயும் அட்ரஸ் ஸ்ட்ரக்சர்ல அந்த போர்ட்ட போட்டுட்டா போர்ட்மேப்பர கேக்கவே கேக்காது. ஃபயர்வால்ல ஒரே ஒரு ஓட்டை, அதுவும் விபிஎன் பக்கம் மட்டும்.

இப்ப ஸ்டாக் விஷயம், இது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா இது உன் கோட்ல இருக்கற சின்ன பக் இல்ல, ஆர்பிசியோட பொறப்புலயே இருக்கற விஷயம். 1984ல ஜெராக்ஸ் பார்க்ங்கற ஆராய்ச்சி கூடத்துல ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன்னு ரெண்டு பேர் இத எப்படி கட்டணும்னு பேப்பர் எழுதினாங்க, அதுலயே தெளிவா சொல்லிட்டாங்க, கால் ஒழுங்கா திரும்பி வந்தா வேலை சரியா ஒரு தடவ நடந்திருக்கும், எரர் வந்தா ஒரு தடவ நடந்திருக்கலாம் இல்ல நடக்காமலே இருக்கலாம், எதுன்னு உனக்கு தெரியாதுன்னு. நீ குடோனுக்கு போன் போட்டு நாலு பிரேக் ஷூ எடுத்து வைங்கண்ணேன்னு சொல்லும்போதே லைன் கட் ஆனா, அவர் காதுல விழுந்துச்சா இல்லையான்னு உனக்கு எப்படி தெரியும், அதே தான். கோட்ல பாக்க சாதா ஃபங்ஷன் கால் மாதிரியே இருக்கறதால இந்த நடுவுல தொங்கற நிலைமை கண்ணுக்கு தெரியறதே இல்ல.

நீ யூடிபி போட்டிருக்கறதால பிரெல், நெல்சன் சொன்ன அந்த ஒரு தடவங்கற உத்தரவாதம் கூட உனக்கு கிடையாது. ஒரு பில்ல எடுத்துக்கோ. ஸ்டாக் 10, பில்லுல 4. அந்த நேரம் பாத்து அக்கவுண்டண்ட் ரிப்போர்ட் எடுக்கறாரு, டேபிள் லாக் ஆகி உன் அப்டேட் 7 செகண்ட் நிக்குது. யூடிபில பதில் வரலன்னா கிளையண்ட் லைப்ரரி நீ கேக்காமலே அதே பாக்கெட்ட திரும்ப அனுப்பும், பழைய ஜிலிப்சில (லினக்ஸோட சி லைப்ரரி) அது 5 செகண்டுக்கு ஒரு தடவ. 5வது செகண்ட்ல ரெண்டாவது பாக்கெட் வந்து சர்வர் வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும், ஏன்னா ஆர்பிசிஜென் லினக்ஸ்ல உருவாக்கற சர்வர் ஒரு நேரத்துல ஒரு வேலை தான் பாக்கும். 7வது செகண்ட்ல முதல் வேலை முடிஞ்சு ஸ்டாக் 6, பதிலும் போயிடுச்சு, கவுண்டர்ல ஓகேன்னு வந்துடுச்சு, பில் பிரிண்ட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் சர்வர் அந்த ரெண்டாவது பாக்கெட்ட எடுத்து அதையும் புது வேலைன்னு நெனச்சு செஞ்சிடும், ஸ்டாக் 2. அந்த பதில் யாருக்கும் வேணாம், கிளையண்ட் அத தூக்கி போட்டுடும். எங்கயும் எரரே வராது, மாசக் கடைசில ஸ்டாக் எண்ணும்போது தான் தெரியும், அப்ப பழி குடோன் பையன் மேல விழும்.

டிசிபிக்கு (போய் சேந்துச்சான்னு பாத்து அனுப்பற வழி) மாத்திடு, கிளையண்ட் கிரியேட் பண்ற எடத்துல சின்ன மாத்தம் தான் (சர்வர் மெயின்லயும் டிசிபி டிரான்ஸ்போர்ட் இருக்கணும்), லைப்ரரி தானா திரும்ப அனுப்பறது நின்னுடும். ஆனா அதோட முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிடாத. ஜெனரேட் ஆன ஸ்டப்ல டைம்அவுட் 25 செகண்ட், மழைல லைன் போயிட்டா அது முடிஞ்சதும் எரர் வரும், எதிர்ல கஸ்டமர் நிக்கறாரு, கவுண்டர்ல இருக்கறவர் திரும்ப பட்டன அமுக்குவாரு, யாரா இருந்தாலும் அமுக்குவாங்க. முதல் தடவை வேலை நடந்து பதில் மட்டும் வழில தொலைஞ்சிருந்தா மறுபடி ரெண்டு தடவ.

இதுக்கு நிஜமான மருந்து ரிக்வெஸ்ட் ஐடி தான். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு யுயுஐடி (வேற எதோடயும் மோதாத ஐடி), 36 எழுத்து, எக்ஸ்டிஆர் ஃபைல்ல (ஆர்பிசிஜென்னுக்கு நீ கொடுக்கற ஃபைல்) ஸ்ட்ரக்ட்ல ஒரு ஸ்ட்ரிங்கா சேத்துக்கோ. அத எப்ப உருவாக்கணும்ங்கறதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஆர்பிசி கால் பண்ற ஃபங்ஷனுக்குள்ள உருவாக்கினா ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐடி வரும், போட்டும் போடாத மாதிரி தான். பில் ஸ்க்ரீன் திறக்கும்போதே உருவாக்கி கவுண்டர் மெஷின் டிஸ்க்ல எழுதி வை, கரண்ட் போயி வந்தாலும் அதே பில்லுக்கு அதே ஐடி போகணும். சர்வர்ல ஒரு டேபிள், ஐடிக்கு யூனிக் கீ, பக்கத்துல அந்த பில்லுக்கு கொடுத்த பதில். ஐடிய எழுதறதும் ஸ்டாக்க குறைக்கறதும் ஒரே டிரான்சாக்ஷன்ல இருக்கணும், இத மட்டும் விட்டுடாத, தனித்தனியா இருந்தா நடுவுல சர்வர் விழுந்தா கணக்கு எந்த பக்கமா தப்புச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதே ஐடி மறுபடி வந்தா ஸ்டாக்க தொடாம பழைய பதிலையே திருப்பி கொடு. அப்புறம் கவுண்டர்ல எத்தன தடவ வேணா அமுக்கட்டும்.

ஸ்ட்ரக்ட் மாறறதால வெர்ஷன் நம்பர 2 ஆக்கிடு. ஒரே சர்வர் 1, 2 ரெண்டையும் பதிஞ்சுக்கலாம், ஒரு கவுண்டர இன்னிக்கு மாத்திட்டு இன்னொண்ண நாளைக்கு மாத்தலாம், கடைய மூட வேண்டாம்.

டைம்டு அவுட் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, உன் சர்வர் ஃபங்ஷன் நல் பாயிண்டர திருப்பி கொடுக்குதான்னு பாரு. நல் கொடுத்தா சர்வர் பதிலே அனுப்பாது, கிளையண்ட் காத்து காத்து டைம்டு அவுட் ஆகும், வேலை மட்டும் நடந்திருக்கும், நீ சொல்ற அடையாளம் அப்படியே பொருந்துது. ஸ்டாக் போதலங்கற மாதிரி எரர் வந்தா கூட ரிசல்ட் ஸ்ட்ரக்ட்ல ஒரு கோட் போட்டு அனுப்பு, நல் வேணாம். அந்த ரிசல்ட் வேரியபிள் ஸ்டாட்டிக்கா இருக்கணும், லோக்கல் வேரியபிளோட அட்ரஸ கொடுத்தா குப்பை தான் போகும்.

ஜிஆர்பிசி நல்ல சாமான் தான், கூகுள் 2015ல ஓப்பன் சோர்ஸ் பண்ணது, டிஎல்எஸ் என்கிரிப்ஷன் உண்டு, ஹெச்டிடிபி/2 மேல ஓடும். ஆனா டெட்லைன நீயா வெச்சா தான் உண்டு, வெக்கலன்னா கால் எவ்வளவு நேரம் வேணா தொங்கும், அதுலயும் டெட்லைன் தாண்டின எரர் வந்தா வேலை முடிஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்குன்னு அவங்க டாக்குமெண்டேஷன்லயே போட்டிருக்காங்க. அதாவது ரிக்வெஸ்ட் ஐடி அங்கயும் வேணும். சி-க்கு அவங்க அதிகாரபூர்வமா கோட் ஜெனரேட்டர் தரல, சி++, கோ, பைத்தான் மாதிரி ஏதாவது ஒண்ணுக்கு போகணும். என் கருத்து, இப்ப மாறாத, ஐடிய சேத்து கணக்க நேராக்கு, மூணாவது கவுண்டரோ மொபைல் ஆப்போ வரும்போது யோசி.

கடைல ஏத்தறதுக்கு முன்னாடி வேணும்னே கெடுத்து பாரு. சர்வர்ல அப்டேட்டுக்கு முன்னாடி லைப்ரரி திரும்ப அனுப்பற நேரத்த விட அதிகமா (பழைய ஜிலிப்சின்னா 7 செகண்ட்) ஸ்லீப் போட்டு யூடிபிலயே ஒரு தடவ ஓட்டு, இன்னிக்கு இருக்கற கோட்ல ரெண்டு தடவ குறையறத கண்ணால பாத்துட்டு, ஐடி போட்ட கோட்ல அதே சோதனைய திரும்ப செய். அடுத்து டிசிபில, கமிட் ஆனதும் பதில் போறதுக்குள்ள சர்வர கில் பண்ணு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி கவுண்டர்ல மறுபடி அமுக்கு. 10லேர்ந்து 4 போயி ஸ்டாக் 6ல நின்னா தான் கடைக்கு எடுத்துட்டு போ.