மூன்று மணி வெயிலும் பரிசுத் தொகையும்

மதிப்பிற்குரிய ஐயா,

பொங்கலுக்கு உங்கள் ஊரில் நடந்த கபடிப் போட்டி பற்றி எழுதியிருந்தீர்கள். ஆண்கள் அணிக்கு முதல் பரிசு 30,000 ரூபாய், பெண்கள் அணிக்கு 10,000 ரூபாய் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்ததைப் பார்த்து மனம் கசந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்களுடையது பீஸ் ரேட். எத்தனை பீஸ் தைக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. தைத்தவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. விளையாட்டிலும் அதுதானே நியாயம்? டென்னிஸில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட்; பரிசு மட்டும் ஒன்று. கிரிக்கெட்டில் பணம் வருவது ஆண்கள் ஆட்டத்தால். கூட்டம் யாரைப் பார்க்க வருகிறதோ அவர்களுக்குத்தான் பணம் போக வேண்டும். ஒருவர் சம்பாதித்ததை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் தர்மம். தர்மம் நல்லதுதான், அதை உரிமை என்று சொல்லாதீர்கள். நானே எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் நடக்கும் இறகுப்பந்துப் போட்டிக்குப் பரிசுத் தொகை தருகிறவன். பெண்களுக்கு எதிரானவன் அல்ல.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. நான் அப்படி நினைக்கவில்லை. கடிதத்தில் கோபம் இருக்கிறது, கூடவே கணக்கும் இருக்கிறது. வெறும் கோபத்துக்குப் பதில் எழுதுவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன். கணக்கோடு வந்தால் உட்கார்ந்து எழுதத் தோன்றுகிறது.

அந்தக் கட்டுரையில் ஃப்ளெக்ஸை மட்டும்தான் எழுதினேன். அன்று பார்த்த இன்னொன்றை இடம் போதாமல் விட்டுவிட்டேன். அதை இப்போது சொல்கிறேன்.

போட்டி நடந்தது மாட்டுப் பொங்கலன்று. பெண்கள் ஆட்டங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு. ஆண்கள் ஆட்டங்கள் இரவு ஏழு மணிக்கு, நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, விளக்குப் போட்டு. மூன்று மணிக்கு ஊரே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தது. களத்தைச் சுற்றி நின்றவர்கள் அறுபது எழுபது பேர், அதில் பாதி சிறுவர்கள். தை மாத வெயில்தான், ஆனால் சாய்ந்து அடிக்கும் வெயில். கிழக்குப் பாதியில் நின்ற அணிக்கு அது நேராகக் கண்ணில் விழுந்தது. அந்த அணியில் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் பாடிச் சென்றாள். ஒரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டே, இன்னொரு கையால் எதிரணியைத் தொடப் பார்த்தாள். கபடி விளையாட இரண்டு கைகளும் வேண்டும், ஆர். மூலையில் நின்றவள் கணுக்காலைப் பிடித்தபோது இவளுக்கு அவள் வந்ததே தெரியவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் மூச்சு அறுந்தது. டாஸ் வென்ற அணித்தலைவி ஏன் அவ்வளவு அவசரமாக மேற்குப் பாதியைக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரவு எட்டு மணிக்கு அதே களத்தில் நிற்க இடமில்லை. பஜ்ஜிக் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. விழாக் குழுவில் ஒருவர், எனக்குத் தூரத்து உறவு, என் தோளைத் தட்டிச் சொன்னார்: “பார்த்தீர்களா மாமா, கூட்டம் எதற்கு வருகிறது என்று?”

உங்கள் கடிதமும் அந்தத் தோள் தட்டல்தான். உங்கள் கம்பெனியில் ஒருவருக்கு மின்சாரம் இருக்கும் ஷிப்டில் மெஷின் கொடுத்துவிட்டு, மற்றவருக்கு மின்தடை நேரத்தில் மெஷின் கொடுத்து, மாலையில் இருவருடைய பீஸையும் எண்ணினால் அதற்குப் பெயர் பீஸ் ரேட்டா? அப்படி நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். செய்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இப்போது செட் கணக்கு. ஆண்கள் ஐந்து செட் ஆடுவது ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளில் மட்டும்தான். மற்ற வாரங்களில் அவர்களும் மூன்று செட்தான். ரோம் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர், ஒரே வளாகம், இருபாலாருக்கும் மூன்று செட். அங்கே ஆண்டுக்கணக்கில் ஆண்களுக்குத்தான் அதிகத் தொகை. இரு பாலாரும் சேர்ந்து ஆடும் இத்தகைய பெரிய போட்டிகளில் 2027க்குள் தொகையைச் சமமாக்கப் போவதாக மகளிர் டென்னிஸ் சங்கம் 2023இல்தான் அறிவித்தது. செட்தான் காரணம் என்றால் ரோமில் எப்போதோ சமமாகியிருக்க வேண்டும். பெண்களால் ஐந்து செட் ஆட முடியாது என்பதும் இல்லை. 1984 முதல் 1998 வரை மகளிர் ஆண்டிறுதிப் போட்டியின் இறுதி ஆட்டம் ஐந்து செட் முறையில்தான் நடந்தது. 1990இல் மோனிகா செலஸும் கேப்ரியேலா சபாதினியும் ஐந்து செட்டும் ஆடித் தீர்த்தார்கள். நம் ஊர்க் கபடியிலும் ஆண்களுக்கு ஒரு பாதி 20 நிமிடம், பெண்களுக்கு 15 நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை வெட்டியது விதி எழுதியவர்கள். ஆட வந்த பெண்களை யாரும் கேட்கவில்லை. ஆட்டத்தைச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, சுருக்கமாக ஆடுகிறாள் என்று கூலியையும் சுருக்குகிறோம்.

டென்னிஸில் இது எப்படி மாறியது என்பது சுவையான கதை. 1970இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டி ஒன்றில் ஆண்களில் வென்றவருக்கு 12,500 டாலர், பெண்களில் வென்றவருக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள் அதைப் புறக்கணித்து, ஹூஸ்டனில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியாக ஆடத் தொடங்கினார்கள். 1972இல் அமெரிக்க ஓப்பனை வென்ற கிங்குக்கு 10,000 டாலர். ஆண்களில் வென்ற நஸ்டாசேவுக்கு 25,000. அடுத்த ஆண்டு வர மாட்டேன் என்றார் கிங். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, இடைவெளியை நிரப்ப விளம்பரதாரரைத் தேடினார். அக்குளில் பூசும் வாசனைப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று பணம் போட்டது. 1973இல் இருவருக்கும் 25,000. உங்களைப் போன்ற ஒரு வியாபாரிக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

விம்பிள்டன் இறங்கி வர மேலும் 34 ஆண்டுகள் ஆயின. 2006இல் அங்கே ஆண்களுக்கு 6,55,000 பவுண்டு, பெண்களுக்கு 6,25,000. அந்த முப்பதாயிரம் பவுண்டு மிச்சத்தை வைத்து அந்தக் கழகம் என்ன செய்தது, புல் வெட்டும் இயந்திரம் வாங்கியதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். வசூலை அளந்து போட்ட வித்தியாசம் இப்படி இருக்காது. வரிசையில் ஒரு படி கீழே நில் என்று சொல்வதற்காக வைத்த தொகை இது. 2007இல் சமமாக்கினார்கள். அதற்காக முந்தைய ஆண்டு நாளிதழில் கட்டுரை எழுதி வாதாடிய வீனஸ் வில்லியம்ஸே அந்த ஆண்டு பட்டத்தையும் வென்றார்.

கூட்டம் பற்றிச் சொன்னீர்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்தில் ஒரு பெண்கள் கால்பந்து ஆட்டம். ‘டிக், கெர்’ என்ற தொழிற்சாலையின் பெண்கள் அணி ஆடியது. வந்த கூட்டம் 53,000. அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் மைதானங்கள் எதையும் பெண்களுக்குத் தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தடை ஐம்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நீடித்தது. இந்த ஐம்பது ஆண்டை யார் கணக்கில் எழுதுவது? ஒரு கடையை ஐம்பது ஆண்டு பூட்டி வைத்துவிட்டு, திறந்த அன்று எதிர்க் கடையின் கல்லாவோடு ஒப்பிடுகிறோம்.

கிரிக்கெட்டில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023இலிருந்து ஐந்தாண்டுக்கு 48,390 கோடி. மகளிர் லீக் அதே ஐந்தாண்டுக்கு 951 கோடி. இரண்டிலும் ஒரே சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்க மகளிர் கூடைப்பந்து வீராங்கனைகள் 2025இல் நட்சத்திர ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் “எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்” என்று எழுதிய சட்டையோடு களத்தில் நின்றார்கள். ஆண்கள் வாங்கும் தொகையை அவர்கள் கேட்கவில்லை. தங்கள் லீகின் வருமானத்தில் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டார்கள். லீக் விஷயத்தில் என் வாதமும் அதுதான்.

நாட்டின் பெயரில் ஆடும் அணி வேறு. 2005 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போன இந்திய அணிக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். எட்டு ஆட்டம், எட்டாயிரம். 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் ஆட்ட ஊதியத்தைச் சமமாக்கியது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். நானும் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது: 2014 நவம்பரில் மைசூரில் ஆடிய பிறகு 2021 ஜூன் வரை நம் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆடவே விடாத ஆட்டத்துக்குப் பதினைந்து லட்சம் என்றால் என்ன, பதினைந்து கோடி என்றால் என்ன? உங்கள் பாஷையில் சொன்னால், ரேட் ஒன்று, பீஸ்தான் கொடுப்பதில்லை. ஆண்டு ஒப்பந்தத்திலோ, அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் பெண்களின் முதல் தரத்துக்கு 50 லட்சம். ஆண்களின் மேல் தரத்துக்கு 7 கோடி.

ஆட்டம் கிடைத்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சேப்பாக்கத்தில் பார்த்தோம். 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603, மகளிர் டெஸ்டில் அதுவரை யாரும் எடுக்காத ஓட்டம். ஷஃபாலி வர்மா 205. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை என்றே சொல்லலாம். வென்ற நம் அணிக்கு ஐசிசி கொடுத்தது 44.8 லட்சம் டாலர். 2023இல் ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது 40 லட்சம். அந்த இரவு விளக்குகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் களத்துக் கம்பங்கள்தான் நினைவுக்கு வந்தன.

தர்மம் என்ற சொல்லுக்கு வருகிறேன். அதுதான் என்னை உறுத்தியது. சென்னையைச் சேர்ந்த தீபிகா பள்ளிக்கல் 2012 முதல் 2015 வரை ஸ்குவாஷ் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. ஆண்களில் வென்றால் 1,20,000 ரூபாய், பெண்களில் வென்றால் 50,000 என்று இருந்தது. 2016இல் சமமாக்கினார்கள், வந்தார், வென்றார். உலக அரங்கில் ஆடும் ஒருவருக்கு அந்த எழுபதாயிரம் பெரிய தொகை இல்லை. ஸ்குவாஷ் தேசியப் போட்டியில் ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்க யாரும் கதவை உடைத்துக்கொண்டு வருவதும் இல்லை. ஆண்கள் சம்பாதித்துக் கொடுத்த எந்தப் பணத்திலிருந்து அவருக்குத் தர்மம் போனது?

எங்கள் ஊர்க் கபடிக்கும் டிக்கெட் கிடையாது. ஆண்கள் பரிசு 30,000 ரூபாயைத் தந்தவர் அரிசி ஆலைக்காரர், தன் தகப்பனார் நினைவாக. பெண்கள் பரிசு 10,000 ரூபாயைத் தந்தவர் உரக்கடைக்காரர். இரண்டும் நன்கொடை. யாரும் யாருக்கும் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. பஹ்ரைனில் 2025இல் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றபோது, தமிழக அரசு கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. போதாது என்று சிலர் கேட்டார்கள். அவளுக்கு ஏன் அவனளவு என்று கேட்டவர்களை நான் பார்க்கவில்லை.

வரும் தைக்குப் பெண்கள் இறுதி ஆட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைக்கும்படி விழாக் குழுவில் கேட்டிருக்கிறேன். ஆண்கள் அணிகள் முணுமுணுக்கும் என்றார், அன்று என் தோளைத் தட்டிய அந்த மருமகன். அரிசி ஆலைக்காரர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மூன்று மணிக்கு யாராவது ஆடித்தானே ஆக வேண்டும், ஆண்கள் அரையிறுதியை அப்போது வைத்தால் என்ன என்றார். இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் பரிசு தரும் இறகுப்பந்துப் போட்டியில் இரு பாலாருக்கும் எவ்வளவு தருகிறீர்கள் என்று எழுதவில்லை. அதைக்கூட விட்டுவிடுங்கள். பெண்கள் இறுதி ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்த கோர்ட்டில் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.